இந்த செட்டிங் யாருடையது?

டெஸ்க்டாப் மென்பொருள் எழுத வரும் புதியவர்களிடம், "பயனர் மாற்றி வைக்கிற செட்டிங்குகளை எங்கே சேமிப்பாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "புரோகிராம் இருக்கிற ஃபோல்டரிலேயே ஒரு ஃபைல் போட்டுடலாம் சார்." இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. புரோகிராமும் செட்டிங்கும் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டாம். ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போகலாம். அழித்தால் எல்லாம் சேர்ந்து அழியும். டாஸ் காலத்தில் தொடங்கி விண்டோஸ் 98 வரை அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். விஷுவல் பேசிக் 6-இல் ஆப்.பாத் என்று எழுதினால் புரோகிராம் இருக்கும் இடம் கிடைத்துவிடும். அதன் பின்னால் ஒரு ஐஎன்ஐ ஃபைலின் (செட்டிங்குகளை வரி வரியாக எழுதி வைக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) பெயரை ஒட்டினால் வேலை முடிந்தது. (புரோகிராமை நேராக சி டிரைவின் முதல் மட்டத்திலேயே வைத்தால் மட்டும் ஆப்.பாத் கடைசியில் ஒரு சாய்கோட்டோடு வரும், மற்ற இடங்களில் சாய்கோடு இல்லாமல் வரும். அதற்காகவே ஒரு இஃப் வரி எழுதியிருப்பார்கள் அந்தக் காலத்து விபி ஆட்கள்.)

இந்தப் பதிலுக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. கணினியை ஒரே ஆள்தான் பயன்படுத்துகிறார் என்பது ஒன்று. அவர் நினைத்த இடத்தில் எழுத அவருக்கு உரிமை உண்டு என்பது இன்னொன்று. விண்டோஸ் என்டி வழியில் வந்த எல்லாப் பதிப்புகளும் இந்த இரண்டையும் மறுத்தே வந்திருக்கின்றன. சாதாரணப் பயனர் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முடியாது என்பது எக்ஸ்பியிலும் இருந்த விதிதான். ஆனால் எக்ஸ்பியில் வீட்டிலும் கடையிலும் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே உட்கார்ந்திருந்ததால் அப்படி ஒரு விதி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. 2007 ஜனவரியில் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது, நீ அட்மினாகவே இருந்தாலும் அனுமதி கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஆனது. அதுவரை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சர்வ சாதாரணமாக எழுதிக்கொண்டிருந்த மென்பொருள்கள் எல்லாம் அன்றோடு படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் உள்ளே ஒரு தந்திரம் வைத்திருந்தது.

பழைய 32-பிட் புரோகிராம் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல், சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். அந்த இடம் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், லோக்கல் என்பதற்குள், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற பெயரில் இருக்கிறது. அடுத்த முறை புரோகிராம் அதே ஃபைலைப் படிக்கக் கேட்டால், அசல் இடத்தைக் காட்டுவது போல் பாவனை செய்துவிட்டு இந்த நகலை எடுத்துக் கொடுக்கும். புரோகிராமுக்கு எதுவும் தெரியாது. பயனருக்கும் தெரியாது. பிரச்சினை வந்து பார்க்கப்போகிற ஆளுக்கு மட்டும் மண்டை காயும்.

எனக்கு இது ஒரு ஜவுளிக்கடையில் காய்ந்தது. வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு எங்களிடம் வந்திருந்தது. பில்லின் அடியில் வரும் வரியை முதலாளி மாற்றியிருந்தார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று இருந்ததை, 7 நாட்களுக்குள் பில்லோடு வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆக்கியிருந்தார். அவர் உட்கார்ந்து பில் போட்டால் புது வரி வருகிறது. கவுண்டரில் இருக்கும் பையன் தன் பெயரில் லாகின் செய்து போட்டால் பழைய வரி வருகிறது. "தம்பி, நான் மாத்துனா மாறுது, அவன் உட்கார்ந்தா பழையபடி ஆயிடுது. அவன் வேணும்னே பண்றானோ?" என்று கேட்டார். பையன் பாவம், அவன் எதையும் தொடவில்லை. முதலாளி மாற்றியது முதலாளியின் வர்ச்சுவல்ஸ்டோரில் உட்கார்ந்திருந்தது. அவர் மட்டுமே பார்க்கும் ஒரு நகல். புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த அசல் ஐஎன்ஐ ஃபைலோ, நிறுவிய நாளில் இருந்தபடியே இருந்தது. நோட்பேடில் திறந்து பார்த்தால் பழைய வரி, புரோகிராமில் பார்த்தால் புது வரி. இரண்டும் அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் உண்மைதான்.

இதற்கு ஊரில் புழங்கும் வைத்தியம் இரண்டு. புரோகிராமின் ஐகானில் ரைட் கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று நிரந்தரமாக வைத்துவிடுவது ஒன்று. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் அந்த ஃபோல்டருக்கு மட்டும் எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல் என்று கொடுத்துவிடுவது இன்னொன்று. முதலாவது, ஒரு பில் போடும் பையனுக்குக் கணினியின் முழுச் சாவியையும் கொடுப்பது. இரண்டாவது அதைவிட மோசம். அந்த ஃபோல்டரில் இஎக்ஸ்இ ஃபைலும் இருக்கிறதே! யார் வேண்டுமானாலும் அதை மாற்றி வைக்கலாம், அப்புறம் அட்மின் வந்து அதை ஓட்டுவார். இரண்டையும் நான் செய்வதில்லை. இந்தத் திருப்பிவிடும் வசதி எல்லாப் புரோகிராமுக்கும் கிடைப்பதும் இல்லை. 64-பிட்டாக எழுதினாலோ, எனக்கு என்ன உரிமை வேண்டும் என்று மேனிஃபெஸ்ட்டில் (புரோகிராம் தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) எழுதி வைத்தாலோ, விண்டோஸ் உங்களை விவரம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு, எழுதப் போனால் "அனுமதி இல்லை" என்று நேராகவே சொல்லிவிடும். என்னைக் கேட்டால் அதுதான் மரியாதை.

சரி, வேறு எங்கே வைப்பது? இதற்கு ஃபோல்டர் பெயர்களைப் பட்டியல் போட்டுப் பதில் சொல்பவர்கள் உண்டு. நான் முதலில் கேட்பது வேறு: இந்த செட்டிங் யாருடையது? அந்த ஜவுளிக்கடை மென்பொருளின் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து பார்த்தபோது அதற்குள் எல்லாம் கலந்து கிடந்தது. பிரிண்டரின் பெயர், எழுத்தின் அளவு, திரை நிறம், ஜன்னல் எந்த இடத்தில் திறக்க வேண்டும், கடைசியாகத் திறந்த ரிப்போர்ட், பில்லின் அடிவரி, கடையின் ஜிஎஸ்டி எண். எல்லாம் "செட்டிங்ஸ்" என்ற ஒரே தலைப்பின் கீழ். ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டால் விஷயம் தெளிந்துவிடும். எழுத்தின் அளவும் நிறமும் ஆளுடையவை. முதலாளிக்குக் கண் மங்கல், பையனுக்கு இல்லை. அந்த ஆள் வேறு கணினியில் உட்கார்ந்தாலும் கூடவே போக வேண்டியவை. ஜன்னலின் இடம் இந்த ஆளும் இந்த மானிட்டரும் சேர்ந்த விஷயம். வேறு கணினிக்குப் போனால் அர்த்தமில்லை. பிரிண்டரின் பெயர் கணினியுடையது, யார் உட்கார்ந்தாலும் அந்த மேசையில் அந்த பிரிண்டர்தான். பில்லின் அடிவரியும் ஜிஎஸ்டி எண்ணும் கடையுடையவை. அவற்றை செட்டிங்ஸ் ஃபைலில் வைத்ததே தவறு, அவை டேட்டாபேஸில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் இந்த மூன்று சொந்தக்காரர்களுக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறது. ஆளோடு போவது ஆப்டேட்டாவுக்குள் ரோமிங். இந்தக் கணினியிலேயே தங்குவது அதன் பக்கத்தில் லோக்கல். கணினிக்குப் பொதுவானது புரோகிராம்டேட்டா. பெரிய அலுவலகங்களில் ஊழியர் எந்த மேசையில் லாகின் செய்தாலும் ரோமிங் ஃபோல்டர் நெட்வொர்க் வழியே அவர் பின்னாலேயே வரும்படி அமைக்கலாம். அதனால்தான் அங்கே கேச் (வேகத்துக்காக எடுத்து வைக்கும் தற்காலிக நகல்) போன்ற குப்பையைப் போடக் கூடாது. காலையில் லாகின் ஆவதற்குள் டீ ஆறிவிடும். எலக்ட்ரானில் (இணையத் தொழில்நுட்பத்தை வைத்து டெஸ்க்டாப் மென்பொருள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதப்படும் இன்றைய மென்பொருள்கள் பல இந்த விஷயத்தில் அலட்சியம். எலக்ட்ரான் பயனரின் தரவுக்கு என்று இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் இடம் ரோமிங்தான், உள்ளே ஓடும் குரோமியம் பிரவுசரின் கேச்சும் அங்கேயே போய் உட்காரும். சில கிலோபைட் செட்டிங்கோடு நூற்றுக்கணக்கான மெகாபைட் கேச் சேர்ந்து பயணம் போகும்.

புரோகிராம்டேட்டாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "எல்லோருக்கும் பொதுவான இடம்" என்று படித்துவிட்டு அங்கே ஒரு ஃபைலை எழுதினால் எல்லோரும் மாற்றலாம் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. சாதாரணப் பயனர் அங்கே புது ஃபைல் உருவாக்கலாம், மற்றவர் உருவாக்கியதைப் படிக்கலாம். மாற்ற முடியாது. உருவாக்கியவருக்குத்தான் முழு உரிமை. ஆக முதலில் பையன் புரோகிராமைத் திறந்து பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால், மாலை ஷிப்டுக்கு வரும் இன்னொரு பையனால் அதை மாற்ற முடியாமல் போகும். இதைத் தீர்க்க வேண்டிய நேரம் இன்ஸ்டாலேஷன். அட்மின் உரிமையோடு ஓடும் அந்த ஒரு சமயத்தில், நம் ஃபோல்டரை மட்டும் உருவாக்கி, அதற்கு மட்டும் எல்லாப் பயனரும் மாற்றலாம் என்று உரிமை கொடுத்துவிட வேண்டும். உள்ளே இஎக்ஸ்இ எதுவும் இல்லாததால் முன்பு சொன்ன ஆபத்தும் இல்லை.

எந்த இடமானாலும் பாதையைக் கையால் எழுதாதீர்கள். "சி டிரைவ், யூசர்ஸ், பெயர், ஆப்டேட்டா" என்று ஸ்ட்ரிங்கை ஒட்டி எழுதியவர்கள், எக்ஸ்பியில் அதே இடம் "டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" என்பதற்குள் வேறு பெயரில் இருந்ததை நினைத்துப் பார்க்கலாம். இயங்குதளத்திடமே கேட்க வேண்டும். டாட்நெட்டில் என்விரான்மெண்ட்.கெட்ஃபோல்டர்பாத், க்யூட்டியில் க்யூஸ்டாண்டர்ட்பாத்ஸ், பைத்தானில் பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்று எல்லா இடத்திலும் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது.

செட்டிங்குகளுக்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் சொந்தத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியைப் பற்றிக் கேட்பீர்கள். விண்டோஸ் 3.1 காலத்தில் பல புரோகிராம்கள் வின்.ஐஎன்ஐ என்ற ஒரே ஃபைலிலும் தங்கள் பங்குக்கு எழுதிவிட்டுப் போயின. 64 கிலோபைட்டைத் தாண்டினால் அது படிக்காது, யார் எழுதியது யாருடையது என்றும் தெரியாது. அந்தக் குழப்பத்துக்கு மாற்றாகத்தான் விண்டோஸ் 95-இலும் என்டியிலும் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரியில் போடச் சொன்னார்கள். விபி6-இன் சேவ்செட்டிங் கட்டளையும் அங்கேதான் எழுதும், "விபி அண்ட் விபிஏ புரோகிராம் செட்டிங்ஸ்" என்ற விசித்திரப் பெயருள்ள கிளையில். ஜாவா இன்னும் வேடிக்கை. அதன் பிரெஃபரன்ஸ் நூலகம் ரெஜிஸ்ட்ரியில் எழுதும்போது ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் முன்னால் ஒரு சாய்கோடு போட்டு எழுதும், ஏனென்றால் ரெஜிஸ்ட்ரிக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் தெரியாது. ரெஜிஸ்ட்ரி கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்காரர் புதுக் கணினி வாங்கும்போது "அந்த ஃபைலை இங்கே காப்பி பண்ணுங்கண்ணே" என்று போனில் சொல்ல முடிவது ஃபைலில்தான்.

இனி நம்மூர் விஷயம் ஒன்று. அந்தப் பழைய மென்பொருளில் பில்லின் அடிவரி தமிழில்தான் இருந்தது, ஆனால் யூனிகோடில் இல்லை. பாமினி வகை எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளாகச் சேமித்து, அச்சிடும்போது எழுத்துருவை மாற்றித் தமிழாகக் காட்டும் பழைய முறை. ஐஎன்ஐ ஃபைலில் திறந்து பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அதனாலேயே எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது! யூனிகோடுக்கு மாற்றி அதே ஐஎன்ஐ ஃபைலில் எழுதியபோது, எங்கள் சோதனைக் கணினியில் அந்த வரி முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது. காரணம் இதுதான். விண்டோஸின் பழைய ஐஎன்ஐ எழுதும் ஃபங்ஷன், ஃபைல் ஏற்கெனவே யூனிகோடில் இல்லாவிட்டால், கணினியின் ஆன்ஸி கோட்பேஜில்தான் (யூனிகோடுக்கு முந்தைய, சில மொழிகளுக்கு மட்டுமான எழுத்துப் பட்டியல்) எழுதும். ரஷ்ய மொழிக்கு ஒரு ஆன்ஸி கோட்பேஜ் உண்டு, தாய்லாந்து மொழிக்கு உண்டு, அரபிக்கு உண்டு. தமிழுக்குக் கிடையாது. விண்டோஸில் தமிழ் நுழைந்ததே யூனிகோடு வழியாகத்தான். ஆக தமிழ் எழுத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகி, அசல் போயே போய்விடும். ஃபைலைத் திறந்து வேறு என்கோடிங்கில் பார்த்தாலும் திரும்ப வராது.

ஃபைல் இன்னும் இல்லாதபோதே, முதல் இரண்டு பைட்டுகளாக எஃப்எஃப், எஃப்இ என்ற யூனிகோடு அடையாளத்தை எழுதி ஒரு காலி ஃபைலை உருவாக்கிவிட்டு, அப்புறம் அதே ஃபங்ஷனின் யூனிகோடு வடிவத்தை அழைத்தால் தமிழ் ஒழுங்காகப் பதியும். சி ஷார்ப்பிலிருந்து அழைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம்: டிஎல்எல்இம்போர்ட் வரியில் கேரக்டர்செட் யூனிகோடு என்று எழுதாவிட்டால் அது இயல்பாக ஆன்ஸியைத்தான் எடுக்கும். நான் இப்போது புதிதாக எதையும் ஐஎன்ஐயில் எழுதுவதில்லை. யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவத்தில் ஒரு ஜேசன் டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். இதே காரணத்தால் சரியும் இன்னொரு இடம் ஃபோல்டரின் பாதை. கணினி வாங்கியதும் பயனர் பெயரைத் தமிழில் கொடுத்து அக்கவுண்ட் திறப்பவர்கள் இருக்கிறார்கள். ஏன் கொடுக்கக் கூடாது? அப்போது அவருடைய ஆப்டேட்டாவின் பாதையிலேயே தமிழ் இருக்கும். பழைய சி பாணியில் எஃப்ஓபன் என்று ஆன்ஸி பாதையைக் கொடுக்கும் புரோகிராம்களுக்கு அந்த ஃபோல்டரே கண்ணில் படாது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, ஒரு புரோகிராம் தனக்கு யுடிஎஃப்-8-தான் கோட்பேஜ் என்று மேனிஃபெஸ்ட்டில் சொல்லிக்கொள்ளலாம். 2019-இல் வந்த வசதி. தமிழ்ப் பெயரில் ஒரு டெஸ்ட் அக்கவுண்ட் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். இதற்காகப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

மேக் பக்கம் இந்த விஷயத்தில் முன்பே தெளிவாக இருந்தார்கள். 1991-இல் வந்த சிஸ்டம் 7-லேயே சிஸ்டம் ஃபோல்டருக்குள் பிரெஃபரன்சஸ் என்று தனி ஃபோல்டர் வந்துவிட்டது. எதாவது புரோகிராம் மக்கர் செய்தால் அதன் பிரெஃபரன்ஸ் ஃபைலைக் குப்பையில் போடு என்பதுதான் மேக் ஆட்களின் முதல் அறிவுரை. இன்றைய மேக்கில் பயனரின் லைப்ரரிக்குள் பிரெஃபரன்சஸ், அதற்குள் டொமைன் பெயரைத் திருப்பிப்போட்டு எழுதிய பெயரில் ஒரு பிலிஸ்ட் ஃபைல். ஆனால் அந்தப் பழைய அறிவுரை இப்போது அப்படியே பலிக்காது. 2013-இல் வந்த மேவரிக்ஸிலிருந்து சிஎஃப்பிரெஃப்ஸ்டி என்ற பின்னணிப் புரோகிராம்தான் அந்த மதிப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு, தனக்கு வசதியான நேரத்தில் வட்டில் எழுதுகிறது. நீங்கள் ஃபைலை அழித்தாலும் அது தன் நினைவில் இருப்பதைக் கொண்டுவந்து நிறுத்தும். டிஃபால்ட்ஸ் கட்டளை மூலம் அழித்தால்தான் சரியாக அழியும். கையால் திருத்திவிட்டு "மாறலையே" என்று குழம்புபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

லினக்ஸின் கதை ஒரு சோம்பேறித்தனத்தில் தொடங்குகிறது. ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஃபைல்கள் மறைந்திருக்கும் அல்லவா, அது யாரும் திட்டமிட்ட வசதி இல்லை என்று யூனிக்ஸ் முன்னோடிகளில் ஒருவரான ராப் பைக் 2012-இல் எழுதியிருந்தார். ஒற்றைப் புள்ளி (இருக்கும் ஃபோல்டர்), இரட்டைப் புள்ளி (அதற்கு மேல் ஃபோல்டர்) என்ற இரண்டு பதிவுகளை மட்டும், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தவர், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் குறுக்குவழியால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன. மறைகிறதே என்று எல்லோரும் தங்கள் செட்டிங்குகளை அங்கே கொட்டினார்கள். எக்ஸ்டிஜி என்ற பெயரில் 2003-இல் இதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. செட்டிங்குக்கு .கான்ஃபிக், தரவுக்கு .லோக்கல் என்பதற்குள் ஷேர், போனால் போகட்டும் என்பதற்கு .கேச். 2021-இல் ஸ்டேட் என்று இன்னொன்றும் சேர்த்தார்கள். கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியல், லாக் போன்றவை அங்கே போகும். நான் மேலே "ஜன்னலின் இடம்" என்று சொன்னதன் சரியான வீடு அதுதான். செட்டிங்கையும் ஸ்டேட்டையும் பிரித்த இந்த யோசனையை விண்டோஸிலும் நான் பின்பற்றுகிறேன். பயனர் யோசித்துத் தேர்ந்தெடுத்தது ஒரு ஃபைல், புரோகிராம் தானாகக் கவனித்து நினைவில் வைத்துக்கொண்டது இன்னொரு ஃபைல். இரண்டாவது கெட்டுப்போனால் யாரும் அழ மாட்டார்கள்.

கெட்டுப்போவது என்று வந்தால், 2009-இல் லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. உபுண்டு லினக்ஸின் வெளிவராத பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள், கணினி உறைந்து மறுபடி தொடங்கியபோது கேடிஈ டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் ஃபைல்கள் எல்லாம் பூஜ்ய பைட்டாக இருப்பதைக் கண்டார்கள். செட்டிங்கைச் சேமிக்க எல்லோரும் செய்வது, ஃபைலைக் காலியாக்கித் திறந்து, புதிதாக எழுதி, மூடுவது. பழைய எக்ஸ்ட்3 சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வட்டில் இறக்கிவிடும். எக்ஸ்ட்4 வேகத்துக்காக, தரவுக்கு வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடும். காலியாக்கியது வட்டுக்குப் போய்விட்டது, எழுதியது இன்னும் போகவில்லை, அந்த இடைவெளியில் கரண்ட் போனால் ஃபைல் காலி. எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியடோர் ட்ஸோ, ஃபைல் சிஸ்டம் அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுக்கவே இல்லை, எழுதுபவர்கள்தான் ஒழுங்காக எழுத வேண்டும் என்று விளக்கினார். ஒருபக்கம் அப்படிச் சொல்லிவிட்டு, மறுபக்கம் இந்தப் பாணியில் எழுதும் புரோகிராம்களுக்காக லினக்ஸ் 2.6.30-இல் ஒரு பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஒழுங்காக எழுதுவது என்றால் என்ன? அதே ஃபோல்டரில் வேறு பெயரில் புது ஃபைலை முழுக்க எழுதி, எஃப்சிங்க் சொல்லி வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, அப்புறம் பழைய பெயருக்கு ரீநேம் செய்வது. எந்த நொடியில் கரண்ட் போனாலும் ஒன்று முழுப் பழையது இருக்கும் அல்லது முழுப் புதியது இருக்கும். "அதே ஃபோல்டரில்" என்பது முக்கியம். டெம்ப் ஃபோல்டர் வேறு டிரைவில் இருந்தால், ரீநேம் என்பது ரீநேமாக நடக்காது, காப்பியாகிவிடும், பழைய ஆபத்து திரும்பிவிடும். க்யூட்டியில் க்யூசேவ்ஃபைல் இதைத் தானே செய்யும். டாட்நெட்டில் ஃபைல்.ரீப்ளேஸ் இருக்கிறது. 2012 வாக்கில் நம்மூரில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பில்லிங் மென்பொருள் பராமரித்தவர்கள் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கடைகளில் யூபிஎஸ் இருக்கும், அதன் பேட்டரி செத்திருக்கும்.

விண்டோஸில் இதே நோய்க்கு வேறு அறிகுறி. கரண்ட் போய் வந்தபின் ஃபைலின் அளவு சரியாக இருக்கும், உள்ளே முழுக்கப் பூஜ்ய பைட்டுகள். டாட்நெட் தானாக உருவாக்கும் யூசர்.கான்ஃபிக் ஃபைலுக்கு இப்படி ஆனால் புரோகிராம் திறக்கும்போதே ஒரு எக்ஸெப்ஷனோடு செத்துவிடும். கடைக்காரர் அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்து பார்ப்பார். சரியாகாது, ஏனென்றால் கெட்ட ஃபைல் இருப்பது ஆப்டேட்டாவில், இன்ஸ்டாலர் அதைத் தொடுவதே இல்லை. எனவே படிக்கும் இடத்தில் நான் வைத்திருக்கும் விதி: செட்டிங்ஸ் ஃபைல் படிக்க முடியாததாக இருந்தால் அதை வேறு பெயரில் ஓரமாக எடுத்து வை, இயல்பு மதிப்புகளோடு புரோகிராமைத் திற, பயனருக்கு ஒரு வரி சொல். நிறம் மாறிவிட்டது என்பதற்காகக் கடையில் பில் நிற்கக் கூடாது.

அந்த யூசர்.கான்ஃபிக் பற்றி இன்னும் ஒன்று. அது இருக்கும் ஃபோல்டரின் பாதையில் புரோகிராமின் வெர்ஷன் எண்ணும் சேர்ந்திருக்கும். புது வெர்ஷன் கொடுத்தால் புது ஃபோல்டர், பயனரின் எல்லா விருப்பங்களும் மாயம். அப்கிரேட் என்ற மெத்தடை அழைத்தால்தான் பழைய ஃபோல்டரிலிருந்து எடுத்து வரும். அதை ஒருமுறை மட்டும் அழைப்பதற்காக, "அப்கிரேட் தேவையா" என்று ஒரு செட்டிங்கை ஆம் என்ற இயல்பு மதிப்போடு வைத்து, அழைத்ததும் இல்லை என்று மாற்றுவது வழக்கமான உத்தி. போதாததற்கு, பாதையில் ஒரு ஹேஷும் (கணக்கிட்டு உருவாக்கிய எழுத்துக் கோவை) இருக்கும். இஎக்ஸ்இ இருக்கும் இடத்தை மாற்றினால் அதுவும் மாறக்கூடும். இதையெல்லாம் கட்டிக்கொண்டு அழுவதைவிட, ஜேசனில் நாமே எழுதி, உள்ளே ஒரு வடிவ எண்ணையும் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். பழைய வெர்ஷன் தனக்குத் தெரியாத ஒரு வரியைப் பார்த்தால் அதை அழிக்காமல் அப்படியே திருப்பி எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் புது வெர்ஷன் பிடிக்காமல் பழையதற்கே திரும்பிப் போவார்கள்.

ஜன்னலின் இடத்தைச் சேமிப்பவர்களுக்கு ஒரு எண்: -32000. விண்டோஸில் ஜன்னலை மினிமைஸ் செய்தால் அதன் இடம் குறுக்கும் நெடுக்கும் -32000 என்று ஆகிவிடும். மினிமைஸ் செய்த நிலையில் புரோகிராமை மூடும்போது அப்போதைய இடத்தைச் சேமித்தால், அடுத்த நாள் புரோகிராம் ஓடும், டாஸ்க்பாரில் தெரியும், திரையில் மட்டும் தெரியாது. வின்ஃபார்ம்ஸில் ரிஸ்டோர்பௌண்ட்ஸ் என்பதைச் சேமிக்க வேண்டும். திறக்கும்போதும், சேமித்த இடம் இப்போது இணைத்திருக்கும் ஏதாவது ஒரு மானிட்டருக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது மானிட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் சிசிடிவிக்கு மாட்டிவிடுவார்கள், நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

போனில் சப்போர்ட் கொடுப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். "வியூல போங்க, ஹிட்டன் ஐட்டம்ஸ்னு இருக்கும்" என்று ஆரம்பித்தால் முடியவே முடியாது. எங்கள் மென்பொருளின் ஹெல்ப் மெனுவில் "செட்டிங்ஸ் ஃபோல்டரைத் திற" என்று ஒன்று வைத்திருக்கிறோம். எக்ஸ்ப்ளோரர் அந்த இடத்திலேயே திறக்கும், ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்புவார்கள் என்பதாலேயே பாஸ்வேர்டு எதையும் அந்த ஃபைலில் வைப்பதில்லை.

அன்இன்ஸ்டால் செய்யும்போது செட்டிங்குகளையும் அழிக்க வேண்டுமா என்பதில் மட்டும் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. அழிக்க வேண்டும் என்பவர்கள் ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை. அன்இன்ஸ்டாலர் அட்மின் பெயரில் ஓடுகிறது. அது ஆப்டேட்டா எங்கே என்று கேட்டால் கிடைப்பது அட்மினின் ஆப்டேட்டா. கவுண்டர் பையனின் ஃபோல்டர் அவனுடைய அக்கவுண்டில் அப்படியே இருக்கும். எல்லாப் பயனரின் ஃபோல்டருக்குள்ளும் புகுந்து தேடி அழிக்கும் இன்ஸ்டாலர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் வேலை அது, நான் செய்ய மாட்டேன். புரோகிராம்டேட்டாவில் இருக்கும் நம் ஃபோல்டரை அன்இன்ஸ்டாலர் கேட்டுவிட்டு அழிக்கும். ஆளுடையதை அழிக்க, புரோகிராமுக்குள்ளேயே "என் செட்டிங்குகளை நீக்கு" என்று ஒரு பட்டன் இருக்கிறது, அவரவர் லாகின் செய்து அவரவர் அழுத்திக்கொள்ளலாம்.